நெடுநடையும் நெஞ்சுரமும்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவதே தலைமையாசிரியர்களின் வழக்கம். அப்பெருமையை இந்த அவையில் யாருக்கும் எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். நடப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். நெடுந்தொலைவு, நாள்கணக்கில், நண்பர்களோடு சேர்ந்து நடப்பதைப் பற்றி.

"நடப்பதற்கும் ஒரு சொற்பொழிவா? நம் பாட்டனும் பாட்டியும் நடக்காத நடையா?" என்று எவரேனும் நகைக்கக்கூடும். அது நியாயமான கேள்வியே. அக்கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

நம் முன்னோர் நடந்தனர். கூலிக்கு நடந்தனர், சந்தைக்கு நடந்தனர், வைத்தியரைத் தேடி நோயாளியைத் தோளில் சுமந்து நடந்தனர். வண்டி இல்லாமையால் நடந்தனரே ஒழிய, விரும்பி நடந்தவர் எவருமில்லை. அவ்வாறு நடப்பதற்கும் அவர்களுக்கு எல்லாச் சாலைகளிலும் உரிமை இருந்ததில்லை. சில தெருக்களில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சில தெருக்களில் காலையே வைக்கக் கூடாது. ஊரைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பின் வழியே போக வேண்டும்.

அந்தத் தடையை உடைத்தவர்களும் நடந்துதான் உடைத்தார்கள். 1893-இல் திருவிதாங்கூர் நாட்டில் வெங்கானூர் என்னும் ஊரில், புலையர் குலத்தில் பிறந்த அய்யன்காளி அவர்கள், தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி பூட்டி ஓட்டிச் சென்றார். 1924 மார்ச் 30-ஆம் நாள் வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தடை செய்யப்பட்ட சாலையை நோக்கி மூவர் சேர்ந்து நடந்தனர். ஒருவர் புலையர் குலத்துக் குஞ்ஞப்பி. ஒருவர் ஈழவர் குலத்துப் பாகுலேயன். மூன்றாமவர் நாயர் குலத்துக் கோவிந்தப் பணிக்கர். நாயர்களுக்கு அச்சாலையில் தடை இல்லை. பணிக்கர் தனியே சென்றிருந்தால் எவரும் அவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் தம் தோழர் இருவரோடும் சேர்ந்தே நடந்தார். அவர்களோடு சேர்ந்தே கைதானார். தந்தை பெரியார் இருமுறை சிறை சென்றதும் அந்தப் போராட்டத்தில்தான். வெள்ளக் காலத்தில் நீரில் நின்றுகொண்டே தொண்டர்கள் அறப்போர் நடத்தியதும் அங்கேதான். இருபது மாதங்களுக்குப் பின்னர், அச்சாலைகளுள் பெரும்பகுதி எல்லாருக்கும் திறக்கப்பட்டது.

அதே 1924-ஆம் ஆண்டில், இங்கே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச்சாலையையும் பொதுக்கிணற்றையும் பொது இடங்களையும் எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேற்றச் செய்தார். 1927 மார்ச் 20-ஆம் நாள் மகாத் நகரில், மாநாட்டுப் பந்தலிலிருந்து சௌதார் குளம் வரையில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் வரிசையாக நடந்து சென்று, அக்குளத்து நீரை அள்ளிப் பருகினர்.

எனவே இளைஞர்களே, சாலையில் தலை நிமிர்ந்து நடப்பது நமக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்து அன்று. போராடிப் பெற்ற பொருள். அரும்பாடுபட்டுப் பெற்ற பொருளை நாம் முழுமையாகப் பயன்படுத்துகிறோமா? அதுவே நம் முதற் கேள்வி.

இனி, இக்கேள்வி ஏன் இந்த விழாவிற்கு உரியது என்பதைச் சொல்கிறோம்.

ஆசிரியப் பணியில் நாம் கண்டுவரும் ஒரு துயரம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் பிள்ளை, ஊரே மகிழ்ந்து வழியனுப்ப, நகரத்துக் கல்லூரிக்குச் செல்கிறான். சில திங்களில் பெட்டியோடு திரும்பி வந்து நிற்கிறான். "ஏனப்பா வந்துவிட்டாய்?" என்று கேட்டால், தலையைக் கவிழ்ந்துகொள்கிறான். சிலர் முதலாண்டைத் தாண்டி இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகின்றனர். பணம் இல்லாமை ஒரு காரணம். அதற்கு நம் சங்கம் உதவித்தொகை அளிக்கிறது. விடுதி இல்லாமை ஒரு காரணம். அதற்காகச் சங்கம் அலுவலகங்களின் படியேறி இறங்குகிறது. ஆனால் பணமும் விடுதியும் இருந்தும் திரும்பி வரும் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எது இல்லை? அறிவு இல்லையா? நிச்சயமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாதபோது பக்கத்தில் இருப்பவனைக் கேட்கத் தோழமை இல்லை. ஒரு தாளில் தோற்றால் அடுத்த தாள் வரை தாங்கிக்கொள்ளும் பழக்கம் இல்லை. சாதியைச் சுட்டி ஒருவன் கேலி பேசினால், அதைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. தனிமையும் தளர்ச்சியும் சேர்ந்து அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

நெஞ்சுரத்தையும் நட்பையும் பாடப்புத்தகத்தில் வைத்துக் கற்பிக்க இயலாது. அவற்றைப் பழகித்தான் பெற வேண்டும். அவ்விரண்டையும் ஒருசேரப் பழக்கக்கூடிய, காசு செலவில்லாத ஒரு பயிற்சியாக நெடுநடையை நாம் கருதுகிறோம்.

ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு இது புரியும். முதல் ஐந்து கிலோமீட்டரில் உற்சாகம் நம்மை இழுத்துச் செல்லும். கடைசி ஐந்து கிலோமீட்டரில் சேரவேண்டிய ஊரின் மரங்கள் கண்ணில் பட்டுவிடும். அந்த நம்பிக்கை நம்மை இழுத்துச் செல்லும். நடுவில் இருக்கும் பத்துக் கிலோமீட்டரில்தான் சோதனை. தொடங்கிய உற்சாகம் தீர்ந்திருக்கும், முடிவு கண்ணில் பட்டிராது, வெயில் ஏறியிருக்கும், குதிகால் எரியும். "யார் நம்மை நடக்கச் சொன்னது?" என்று மனம் முணுமுணுக்கும். அப்பொழுது செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த மைல்கல் வரையில் நடப்பது. அதன் பிறகு, அதற்கு அடுத்த மைல்கல் வரையில் நடப்பது. இந்த நடுவழியை ஒருமுறை கடந்தவனுக்கு, மூன்றாண்டுப் படிப்பின் நடுவழியும் கடக்கக்கூடியதாகவே தோன்றும். தளர்ச்சி வரும், அது கடந்தும் போகும் என்பதை அவன் உடம்பே அறிந்துவிடுகிறது.

நடுவழியைக் கடப்பதில் உலகிற்கே பாடம் புகட்டிய மக்கள் ஒரு நகரத்தில் இருந்தார்கள். அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்பது அந்நகரம். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தமைக்காக ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி 1955 டிசம்பர் 1-ஆம் நாள் கைதானார். டிசம்பர் 5 முதல் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். ஒரு நாள் அன்று, ஒரு திங்கள் அன்று, 381 நாள்கள்! கார் வைத்திருந்த சிலர் மற்றவர்களை ஏற்றிச் சென்றனர். ஏனையோர் நடந்தனர். வீட்டு வேலை செய்யும் பெண்கள், முதியோர், தொழிலாளர் எனப் பலரும் காலையில் நடந்து வேலைக்குப் போய், மாலையில் நடந்தே வீடு திரும்பினர். முதல் வாரத்தின் எழுச்சியும் கடைசி வாரத்தின் வெற்றியும் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளன. இடையில் இருந்த அந்த நூற்றுக்கணக்கான நாள்களை எண்ணிப் பாருங்கள். வெற்றி வருமா வராதா என்று தெரியாத நாள்கள் அவை. அந்நாள்களில் அடுத்த நாளும் நடந்தார்களே, அந்த நடைதான் வென்றது. 1956 டிசம்பரில் பேருந்துகளில் இருக்கைப் பாகுபாடு ஒழிந்தது.

நெஞ்சுரத்திற்கு அது சான்று. நட்புக்கு ஒரு சான்று சொல்ல வேண்டுமானால், நம் நாட்டு இளைஞர் இருவரைச் சொல்லலாம். இராசத்தானத்தைச் சேர்ந்த சதீஷ்குமார் ஒருவர். கேரளத்தைச் சேர்ந்த இ.பி. மேனன் மற்றவர். தொண்ணூறு வயதை நெருங்கிய பெர்ட்ரண்டு ரஸ்ஸல் என்னும் பேரறிஞர், அணுகுண்டுக்கு எதிராகப் போராடிச் சிறை சென்ற செய்தியை 1961-இல் இருவரும் பெங்களூர்ச் சிற்றுண்டிச் சாலை ஒன்றில் படித்தனர். அம்முதியவரே சிறைக்குப் போகும்போது, இளைஞராகிய நாம் வாளா இருப்பதா என்று எண்ணினர். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகளின் தலைநகரங்களுக்கு நடந்தே சென்று அமைதியை வேண்டுவது என்று முடிவு செய்தனர். வாழ்த்துப் பெறச் சென்ற அவர்களிடம், கையில் காசில்லாமல் செல்லுமாறு வினோபா பாவே அறிவுரை கூறினார்.

1962 சூன் 1-ஆம் நாள் தில்லியிலிருந்து புறப்பட்டனர். பாகிஸ்தான் எல்லையை நெருங்கியபோது, வழியனுப்ப வந்தவர்கள் உணவுப் பொட்டலங்களைக் கையில் திணித்தனர். பகை நாடு என்று பேசப்பட்ட நாட்டில் யார் சோறு போடுவார் என்பது அவர்களுடைய அச்சம். சதீஷ்குமார் அவற்றைப் பெற மறுத்தார். அந்தப் பொட்டலங்களைச் சுமப்பது அவநம்பிக்கையைச் சுமப்பதாகும் என்பது அவர் எண்ணம். எல்லையைக் கடந்தவுடனேயே அவர்களை வரவேற்று அழைத்துச் செல்ல ஒருவர் காத்திருந்தார். கைபர் கணவாயைக் கடந்து, ஆப்கானிஸ்தான், ஈரான் வழியே சோவியத் நாட்டை அடைந்தனர். அங்கே தேயிலைத் தொழிற்சாலைப் பெண்ணொருத்தி நான்கு தேயிலைப் பொட்டலங்களை அவர்களிடம் கொடுத்தாள். மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களின் ஆட்சித் தலைவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றும்போது, ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள் என்பது அவள் சொல்லியனுப்பிய செய்தி. பாரிசில் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். கடல்களைக் கப்பலில் கடந்து, 1964 சனவரியில் வாஷிங்டனை அடைந்தனர். ஏறத்தாழ 8,000 மைல்!

அணுகுண்டு அவர்கள் நடந்ததால் ஒழிந்துவிடவில்லை. அது இன்றும் இருக்கிறது. ஆயினும், மொழி வேறாகிய இரண்டு இளைஞர்கள், கையில் காசின்றி, ஒருவரையொருவர் நம்பியும், முன்பின் அறியாத மக்களை நம்பியும் உலகத்தின் பாதியைக் கடக்கக்கூடும் என்பதை அவர்கள் காட்டிவிட்டனர். நம் பிள்ளை நகரத்துக் கல்லூரியின் வாயிலில் நிற்கும்போது, அவனுக்கு வேண்டுவது இந்த நம்பிக்கைதான். பக்கத்தில் ஒரு தோழன். எதிரே வருபவரில் நல்லவரும் உண்டு என்னும் துணிவு.

நடை ஏன் நட்பை வளர்க்கிறது? எதிரெதிரே அமர்ந்து பேசும்போது முகத்தைப் பார்க்கக் கூச்சம் வருகிறது. பக்கத்தில் நடந்துகொண்டே பேசும்போது கண் சாலையில் இருக்கிறது, நாக்கு கட்டவிழ்கிறது. நம் மாணவர்களைப் பொங்கல் விடுமுறைக்குப் பின் ஆண்டுதோறும் ஓர் அணைக்கட்டுக்கு நடத்தி அழைத்துச் செல்வதுண்டு. போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். வகுப்பில் வாயே திறவாத ஒரு மாணவன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகன், இரண்டாம் நாள் நண்பகலில் தன் பக்கத்தில் வந்தவனிடம், "எனக்கு ஆங்கிலம் படிக்கவே வரவில்லை, தேர்வுக்குப் போகப் போவதில்லை" என்று சொல்லிவிட்டான். மற்றவன் சற்று நேரம் சும்மா நடந்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றான். பின்னால் வந்த நம் காதில் அது விழுந்தது. நாம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இருவரும் மாலையில் பள்ளித் திண்ணையில் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். இருவரும் தேர்வு எழுதினர். இருவரும் தேறினர். ஆசிரியர் ஆண்டு முழுதும் சொல்லியும் நடவாதது, பதினைந்து கிலோமீட்டர் நடந்த பிறகு சொன்ன இரண்டு சொற்களால் நடந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. அது இளைஞர்களுக்கு மட்டும் உரியதன்று. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நமக்கும் உரியது. கூட்டமாக நடக்கும்போது, வேகமாக நடப்பவர்கள் முன்னே போய், ஒரு மரத்தடியில் அமர்ந்து இளைப்பாறுவார்கள். மெதுவாக வருபவன் மூச்சு வாங்க அங்கு வந்து சேர்ந்தவுடன், "சரி, புறப்படலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு மிகுதியாகத் தேவைப்பட்டவனுக்கு ஓய்வே கிடையாது! இதனை அறிந்தவர்கள், மெதுவாக நடப்பவனை முன்னால் நிறுத்தி, அவன் வேகத்தில் எல்லாரும் நடப்பார்கள். கூட்டம் சற்றுத் தாமதமாகச் சேரும்; முழுதாகச் சேரும். இந்தச் சங்கத்தின் துணையால் படித்து, வேலை பெற்று, நகரத்தில் வீடு கட்டியவர்கள் நம்மில் பலர். நாம் முன்னே வந்துவிட்டோம். பின்னால் வருபவர்களை எந்த மரத்தடியில் நின்று எதிர்பார்க்கிறோம்? இந்த வெள்ளிவிழா ஆண்டில் நாம் ஒவ்வொருவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லியாக வேண்டும். முதலாவது, நடையின் பெருமையைச் சொல்லி நம் உரிமையை எவரும் குறைத்துவிடக் கூடாது. "நடந்தே பழகியவர்கள், இவர்களுக்குப் பேருந்து எதற்கு, சாலை எதற்கு?" என்று ஒருவர் சொன்னால், அதனை நாம் ஏற்கலாகாது. பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குப் பேருந்து வேண்டும். அதைக் கேட்டுப் பெற வேண்டும். கட்டாயத்தால் நடப்பது வேறு. விரும்பி நடப்பது வேறு. இரண்டாவது, நடை எல்லா மனநோய்க்கும் மருந்தாகாது. உறக்கமின்றி, உணவு வெறுத்து, உயிரையே வெறுக்கும் நிலைக்கு ஒரு பிள்ளை சென்றுவிட்டால், அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 2022 முதல் மைய அரசு நடத்திவரும் டெலி-மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அந்த எண்ணை நம் மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைத்திருப்பது நல்லது.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். ஆண்டுதோறும் தை மாதத்தில், மழை ஓய்ந்து வெயில் ஏறாத நாள்களில், சங்கத்தின் சார்பில் மூன்று நாள் நெடுநடை ஒன்று நடைபெற வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நாளொன்றுக்கு இருபது கிலோமீட்டர். மூன்று நாளில் அறுபது. மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தால், ஐந்து மணி நேரத்தில் ஒரு நாள் நடை முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு முடித்த ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கலந்துகொள்ள வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக ஆசிரியைகளும் தாய்மார்களும் உடன் வர வேண்டும். பெண்ணைப் பின்னே நிறுத்திவிட்டு நடக்கும் சமுதாயம் பாதி வழிதான் போகும்.

உடம்பைப் பழக்காமல் ஒருவரும் புறப்பட வேண்டா. ஒரு திங்களுக்கு முன்னரே காலையில் ஐந்து கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள்ளுங்கள். புதுச் செருப்பு காலைக் கடிக்கும். பழகிய செருப்பே நல்லது. விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலில் தங்கி, மாலையில் எஞ்சியதை நடக்கலாம். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காருங்கள். தண்ணீரோடு உப்பிட்ட மோரும், நீராகாரமும், கடலை மிட்டாயும் போதும். எதிரே வரும் வண்டிகள் கண்ணில் படுமாறு சாலையின் வலப்பக்கம் ஒருவர்பின் ஒருவராக நடங்கள். இருட்டில் வெண்ணிற ஆடை அணியுங்கள். கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். ஆசிரியரிடம் ஒன்று இயங்கினால் போதும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் வேறொருவரோடு இணைந்து நடக்க வேண்டும். மூன்றாம் நாள் முடிவில், முன்பு பெயர்கூடத் தெரியாத மூவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கல்லூரிக்குச் செல்லும்போது அந்த மூவரின் தொடர்பு உங்களுக்குக் கைக்கோலாக நிற்கும்.

மற்றுமொரு சொல். வழியில் எந்த ஊர் வந்தாலும், அந்த ஊரின் பொதுத் தெரு வழியாகவே நடப்போம். எவரையும் இகழாமல், எவருக்கும் அஞ்சாமல், எதிரில் வருவோர்க்கு வணக்கம் கூறி, காலில் செருப்பணிந்து நடப்போம். தளர்ந்தவனை முன்னால் விட்டு, எல்லாரும் அவன் வேகத்தில் நடப்போம். புறப்பட்டவர் அனைவரும் சேர வேண்டிய ஊரைச் சேர்ந்த பிறகே உணவுப் பந்தியில் அமர்வோம்.

முதல் நடைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களுக்காக, சங்கச் செயலாளரிடம் ஒரு பதிவேடு வைக்கப்பட்டுள்ளது. இக்கூட்டம் கலையுமுன் உங்கள் பெயர்களை எழுதிவிட்டுச் செல்லுங்கள்.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!